கவிழ்த்து வைத்த கல்

அத்தியாயம் 6

தண்ணீர் வர வேண்டிய இடத்தில் புகை வந்தது.

"நிறுத்தாத, ஊது!" என்று வடக்குப் பக்கத்திலிருந்து மேடம் குரல் கொடுத்தார்.

நான் கருவறையின் பின்சுவருக்கு வெளியே மண்டியிட்டிருந்தேன். கட்டைவிரல் நுழையும் அளவுக்கு, வயருக்காக விட்ட ஒரு துளை. அதன் வாயில் ஒரு கட்டு ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, புகையை உள்ளே ஊதிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துப்பறியும் வேலையில் சேர்ந்தால் கையில் துப்பாக்கி கொடுப்பார்கள் என்று நம்பியவன் நான். கொடுத்தது இதைத்தான்.

"மேடம், சாமியே இன்னும் உள்ள வரல. இவ்வளவு ஊதுபத்தி யாருக்கு?"

"உனக்குத்தான். அந்த வாயால நீ பண்ண முதல் உருப்படியான வேலை இது."

மேடத்துக்கு ஊரில் வைத்த பெயர் நிதானம். இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து விசாரணை செய்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். எனக்கு அவர் வைத்த பெயர் ஸ்பீக்கர். காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். கருவறையில் ஊற்றும் தண்ணீர் வடக்குப் பக்கம் ஒரு கல் வாய் வழியாக வெளியே விழும். கோமுகி என்பார்கள். அந்த வாயிலிருந்து மெலிதாக, நிதானமாக, பெரியவர் ஒருவர் சுருட்டுப் பிடிப்பதைப் போலப் புகை வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், அது தண்ணி போற வழி. நான் வயர் இழுத்தது வேற காடி. அது தெற்குப் பக்கமா சுத்தி வருது. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது."

"தாள்ல கிடையாது. கல்லுக்குள்ள இருக்கு," என்றார் மேடம்.

விஷயம் இதுதான். இது முழுக்கக் கல்லால் எழும்பும் கோயில். இரும்பு இல்லை, சிமென்ட் இல்லை. ஒரு கல்லின் நாக்கு அடுத்த கல்லின் பள்ளத்தில் உட்காரும், அவ்வளவுதான். உட்கார்ந்த கல்லில் அப்புறம் துளை போட முடியாது, போட்டால் விரிசல் விடும். அதனால் கரன்ட் எந்த வழியாகப் போகும், தண்ணீர் எந்த வழியாக வடியும், விளக்குப் புகை எந்த இடுக்கில் வெளியேறும் என்பதையெல்லாம் கல்லை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்து, காடி என்னும் பள்ளத்தைக் கல்லில் எடுத்துவிட வேண்டும். அதை முடிவு செய்யும் இஞ்சினியர் என் சொந்த அக்கா.

போன வியாழக்கிழமை கருவறையில் முதன்முதலாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. தலைமைச் சிற்பி வாசல் நிலையின் பித்தளைத் தகட்டில் கை வைத்தார். ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. கரன்ட்டைத் துண்டிக்கும் ட்ரிப்பர் அந்த நொடியே விழுந்ததால் உயிர் தப்பினார். ஆனால் அடுக்கி வைத்திருந்த கல்லின் விளிம்பில் அவர் வலது மணிக்கட்டு போய் விழுந்து, நரம்பு அறுந்துவிட்டது. மூன்று விரல்கள் மடங்கவில்லை.

பழி எலக்ட்ரீஷியன் தலையில் விழுந்தது. கிழிந்த வயரைப் போட்டுவிட்டான் என்றது கோயில் கமிட்டி. இன்று மாலை நாலு மணிக்கு அவர் லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அவர் சுவிட்ச் போர்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு வயரிலும் சீட்டு ஒட்டி, எந்த அறை, எந்த விளக்கு என்று எழுதியிருப்பார். ஸ்க்ரூக்களின் தலையில் இருக்கும் கீறல்கூட எல்லாம் ஒரே திசையில் நிற்கும். என் அக்காவுக்கு அது தெரியும். அதனால்தான் எங்களைக் கூப்பிட்டாள்.

"வயர்க் காடி பின்சுவர் நடுவுல நுழையுது, வாசப்படி நடுவுல வெளிய வருது," என்றார் மேடம், காற்றில் விரலால் கோடு போட்டபடி. "நடுவுல எந்தப் பக்கமா சுத்துச்சுன்னு வெளிய நிக்கறவனுக்குத் தெரியாது. தெற்கால வந்தா காஞ்ச பக்கம். இது வடக்கால வந்திருக்கு. தண்ணி போற வழிக்குப் பக்கத்துல. இடுக்கு வழியா கசிஞ்சு உங்க வயர்க் குழாய்க்குள்ள போய், வாசல் விளக்கு இணைப்பை நனைச்சு, தகட்டுல கரன்ட் ஏத்தியிருக்கு."

"அப்ப என் வயர்..."

"உங்க வயர் சரி. காடிதான் பக்கம் மாறிக் கிடக்கு."

எலக்ட்ரீஷியன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஆறு நாளா வீட்ல யார் முகத்தையும் பாக்க முடியல. என் பொண்ணு, 'நீங்கதான் அவருக்கு ஷாக் வெச்சீங்களாப்பா'ன்னு கேக்குது. நீங்க மட்டும் வரலேன்னா நான் தொலைஞ்சேன்."

"நான் ஊதினேன், அவ்வளவுதான்," என்றேன். அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை சரியாக இருபது நிமிடம் நிலைத்தது.

கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அங்கேதான் கல் வெட்டுகிறார்கள். தலைமைச் சிற்பி ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்களின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திரு என்றால் கேட்காத மனிதர்.

"கை எப்படி இருக்கு ஐயா?" என்றார் மேடம்.

"ரெண்டு விரல் என் பேச்சைக் கேக்குது. மூணு கேக்கல," என்று சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

கருவறைத் தரைக்கல்லின் வரைபடத் தாளைக் கேட்டோம். நாற்பத்தொன்றாம் நம்பர் கல். பலகையில் குத்தி வைத்திருந்ததை ஒரு ஆள் கழற்றிக் கொடுத்தான். கல் தூசி படிந்து வெள்ளையாக இருந்தது. காடி, தாளின் இடது பக்கமாக வளைந்து போனது.

"இதைப் பாத்துட்டு எப்படி வெட்டினீங்க?"

"காடி அடிப்பக்கத்துல வரும்மா. அதனால கல்லைக் கவிழ்த்துப் போட்டுத்தான் வெட்டுவோம். எங்களுக்கு வர்ற படம் எல்லாம் மேலேர்ந்து பாத்த படம். அதை அப்படியே வெட்டினா, கல்லைத் திருப்பினப்புறம் இடது வலதாயிடும். அதனால நாங்களே மாத்திப் போட்டுப்போம். படத்துல இடதுன்னா வலது பக்கம் வெட்டுவோம். முப்பது வருஷப் பழக்கம். இதைத் தூக்கத்துல கூடப் பண்ணுவேன்."

"திசை பாக்க மாட்டீங்களா?"

"கொட்டகையில ஏதும்மா திசை? கல்லுக்கு நம்பர் உண்டு, முன்பக்கம்னு ஒரு குறி உண்டு. தூக்கி வெச்சப்புறம் அடியில என்ன இருக்குன்னு எவன் பாக்கப் போறான்?" கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? தாளோட கீழ ஏதாவது நாலு எழுத்து இருக்கும், திசைக்குறி இருக்கும். இதுல ரெண்டும் இல்ல. ஒரு வார்த்தை கேக்கணும்னு நினைச்சேன். கேக்காம விட்டேன். அது என் தப்புதான்."

மேடம் தாளைத் திருப்பி, கீழ் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மற்ற மூன்று ஓரங்களும் நேராக இருந்தன. கீழ் ஓரம் மட்டும் பிசிறடித்து, அங்கங்கே மடங்கிக் கிடந்தது.

"இது வெட்டினது இல்ல. மென்னது," என்றார்.

"எலியா இருக்கும் மேடம். கமிட்டில மெம்பரா சேத்துடலாம்."

அதுதான் அன்று நான் அடித்த கடைசி ஜோக். ஏனென்றால் அடுத்த நொடி நானும் அந்த ஓரத்தைப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஓரம் அது. எப்படித் தெரியும் என்று அப்போது என்னால் வாய் திறக்க முடியவில்லை. திறந்திருக்க வேண்டும்.

சிற்பி என்னைப் பார்த்து, "தம்பி, தண்ணி வேணுமா? வேர்க்குதே உனக்கு," என்றார். கட்டுப் போட்ட கையால் சொம்பைத் தள்ளி வைத்தார். நான் அதைக் குடித்தேன். இன்றுவரை அந்தத் தண்ணீர் எனக்கு ஜீரணமாகவில்லை.

காரில் ஏறினோம். மேடம் ஓட்டினார். முதல் சிக்னல் போனது, இரண்டாவது போனது.

"ஸ்பீக்கர் ஆஃப்ல இருக்கே?" என்றார்.

"புகை, மேடம். தொண்டை கட்டிடுச்சு."

"ஓ."

அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவின் ஆபீசுக்கு நேராகப் போவோம் என்று நினைத்தேன். வழியில் எங்கள் ஆபீசில் வண்டியை நிறுத்தினார். "ஒரு பேப்பர் எடுக்கணும். நீ போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா." வாங்கி வந்தேன். அவர் கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். டீயை மேஜையில் வைத்தேன். மேஜை ஒரு பக்கம் சாய்ந்து, டீ தளும்பி மேலே கொட்டியது.

எங்கள் மேஜைக்கு ஒரு கால் குட்டை. மூன்று மாதத்துக்கு முன்னால் நான்தான் அடியில் காகிதம் மடித்து வைத்து ஆட்டத்தை நிறுத்தினேன். மூன்று மாதமாக ஆடாத மேஜை இப்போது ஆடியது. குனிந்து பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மேடம் கைக்குட்டையால் டீயைத் துடைத்துவிட்டு, "மணி ரெண்டரை. கிளம்பலாம்," என்றார்.

அக்காவின் ஆபீஸ் ஒரே அறை. சுவர் முழுக்கக் கோயிலின் படங்கள். எந்தத் தூணுக்குப் பின்னால் எந்த விளக்கு, எந்த மாடத்துக்கு மேல் காற்றுப் போக எத்தனை விரல் இடுக்கு என்று கலர் கலராகக் கோடுகள். கம்ப்யூட்டர் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஆறு நாளில் பத்து வயது கூடியிருந்தது.

மேடம் புகை வந்த கதையைச் சொன்னார். அக்கா நாற்பத்தொன்றாம் நம்பர் படத்தைத் திறந்தாள். காடி இடது பக்கம். கொட்டகையில் பார்த்த அதே கோடு. ஆனால் இதில் கீழ் ஓரத்தில் திசைக்குறி இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வரியும் இருந்தது.

'கல்லைக் கவிழ்த்து வைத்துப் பார்த்த படம் இது. இதை மாற்றிப் போட வேண்டாம்.'

"கல் வெட்டறவங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு நானே கவிழ்த்து வரைஞ்சேன்," என்றாள் அக்கா. "தலைமைச் சிற்பி அவர் பழக்கப்படி இன்னொரு தடவை மாத்தியிருக்கார். ரெண்டு பேரும் சரியாப் பண்ணி ஒரு தப்பைப் பண்ணிட்டோம். இந்த வரி எப்படி விட்டுப்போச்சு? என் கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு. பிரின்ட் எடுக்கும்போது வெட்டுப்பட்டிருக்கும். நான் செக் பண்ணியிருக்கணும்."

ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தாள். கமிட்டிக்குக் கடிதம். தவறு முழுக்க என்னுடையது, இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், எலக்ட்ரீஷியன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. எழுத்து அழகாகத்தான் விழுந்தது. நாலு வருடம் இந்தக் கோயிலுக்காக உழைத்தவள். கல்யாண நாளன்றுகூட வடிகால் சரிவைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தவள்.

மேடம் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் பேசாமல் இருந்தால் விஷயம் இப்படியே முடிந்துவிடும். எலக்ட்ரீஷியன் தப்பிப்பார், அக்கா போவாள், எனக்கு ஒன்றும் ஆகாது. அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அரை நிமிடம் வந்தது.

கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட அக்கா பேனாவைக் கொண்டுபோனாள்.

"அக்கா, போடாத."

"ஏன்டா?"

"உன் கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். மேடம் மெதுவாகத் திரும்பினார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி உனக்குக் காய்ச்சல். பிரின்ட் எடுத்து வெச்சிருந்த, கொட்டகையில கொண்டுபோய்க் குடுன்னு என்கிட்ட குடுத்த. பதினாலு தாள். வெளியில நல்ல மழை. நனையாம இருக்க எங்க ஆபீஸ்ல ஒரு குழாய் டப்பா கிடைச்சுது. ஆனா தாள் டப்பாவை விட மூணு விரல் நீளம். மூடி மூட முடியல. அதனால..." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். "அதனால அடியில மூணு விரல் வெட்டிட்டேன். பதிமூணு தாள்ல வெறும் கட்டமும் திசைக்குறியும்தான் இருந்துது. பதினாலாவதை நான் பாக்கல. படிக்கல."

திட்டியிருந்தால் தேவலை. அக்கா பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, மூடி, மேஜையில் வைத்தாள்.

மேடம் கைப்பையைத் திறந்து, மடித்து மடித்துத் தட்டையாகிப் போன ஒரு காகிதப் பட்டையை எடுத்தார். ஒரு பக்கம் மேஜைக் காலின் வட்டத் தடம் பதிந்திருந்தது. விரித்தார். ஓரம் பிசிறடித்து மடங்கியிருந்தது. நடுவில் அக்காவின் அந்த வரி.

"எப்ப தெரியும் மேடம்?" என்றேன்.

"கொட்டகையிலயே. கத்தரிக்கோல் வலது கைக்காரனுக்குப் பண்ணது. இடது கையில பிடிச்சா வெட்டாது, மெல்லும். நம்ம ஆபீஸ் கவர் எல்லாத்தையும் நீ அப்படித்தான் மெல்லுற." பட்டையைத் திரும்ப மடித்தார். "அதுகூட சந்தேகம்தான். ஆனா ரெண்டு சிக்னல் வரைக்கும் நீ வாயைத் திறக்கல. அது சாட்சி."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்லியிருந்தா நீ மாட்டிக்கிட்டவன். நீயா சொன்னா வேற."

அக்கா எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். என் சட்டைக் காலரில் இருந்த ஊதுபத்திச் சாம்பலைத் தட்டிவிட்டு, "அந்த வரியை நான் ஓரத்துலயா எழுதியிருக்கணும்? படத்துக்கு நடுவுல எழுதியிருக்கணும்," என்றாள். அதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது.

"போதும். தப்பை ஆளாளுக்குப் பங்கு கேக்காதீங்க," என்றார் மேடம். "பங்கே இல்லாத ஒரு ஆள் நாலு மணிக்கு மாட்டப் போறார். இஞ்சினியர், நீங்க கமிட்டிக்குப் போங்க. கம்ப்யூட்டரையும் எடுத்துட்டுப் போங்க. இந்தக் கதையை அப்படியே சொல்லுங்க."

"அந்தக் கல்லை இனிமே தூக்க முடியாது, மேல பீடம் வெச்சாச்சு," என்றாள் அக்கா. அழுதுகொண்டே அவள் மூளை வேலை செய்தது. "அந்தக் காடியில வயரே வேணாம். விளக்கை வெளிய வெச்சுட்டு, கண்ணாடி நார் வழியா வெளிச்சத்தை மட்டும் உள்ள அனுப்பிடறேன். வாசல்லயும் இனிமே வயர் கிடையாது. நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

"நல்லது. நீங்க அந்தப் பக்கம். நாங்க இந்தப் பக்கம்."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கொட்டகை வாசலில் கார் நின்றபோது மேடத்தின் போன் அடித்தது. கமிட்டித் தலைவர். புகார்க் கடிதத்தைக் கிழித்துவிட்டாராம். எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருக்கிறாராம். "அந்த ஊதின அண்ணனுக்கு நன்றி சொல்லச் சொல்றார்," என்றார் தலைவர். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. நான் காரை விட்டு இறங்கினேன். மேடம் இறங்கவில்லை. காகிதப் பட்டையை ஜன்னல் வழியாக நீட்டினார்.

சிற்பி அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் உளி பிடித்து ஒரு உடைந்த கல்லில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு கோணலாகப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் உளியை மறைத்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, டப்பா, கத்தரிக்கோல். ஜோடனை எதுவும் இல்லாமல் நான் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சொல்லி முடித்துப் பட்டையை நீட்டினேன்.

அவர் அதை வாங்கி மடியில் விரித்தார். கட்டுப் போட்ட வலது கையை இடது கையால் தூக்கி, மடங்காத மூன்று விரல்களையும் அந்தப் பட்டையின் மேல் வைத்தார். அகலம் சரியாக இருந்தது.

கொட்டகையில் மற்றவர்களின் சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"தம்பி, எனக்குக் கிட்டப் பார்வை சரியில்ல," என்றார் அவர். கோபம் இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "என்ன எழுதியிருக்கு? படி."

விரல்களை எடுத்தார். நான் குனிந்து, மூன்று மாதத்துக்கு முன்னால் படித்திருக்க வேண்டிய வரியைப் படித்தேன்.

"கல்லைக் கவிழ்த்து வைத்துப் பார்த்த படம் இது. இதை மாற்றிப் போட வேண்டாம்."

அவர் பட்டையை என் கையில் கொடுத்தார்.

"சத்தமாப் படி," என்றார். "பின்னால இருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

நான் நிமிர்ந்து, தொண்டையைச் சரி செய்துகொண்டு, திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்.